சுல்தானின் கழியும் ஆறாவது அறிவும்

1

ஆசிரியப் பயிற்சிக்குப் படித்த எவருக்கும் சுல்தானைத் தெரிந்திருக்கும். கல்வி உளவியல் புத்தகத்தில் 'முயன்று தவறிக் கற்றல்' என்ற தலைப்பின் கீழ் தார்ண்டைக்கின் பூனை வரும். அதையடுத்து 'உட்காட்சி வழிக் கற்றல்' என்ற தலைப்பின் கீழ் கோஹ்லரின் சிம்பன்ஸி வரும். ஒரு கூண்டு. கம்பிகளுக்கு வெளியே வாழைப்பழம். உள்ளே இரண்டு கழிகள். எந்த ஒன்றாலும் பழம் எட்டாது. சிம்பன்ஸி சும்மா உட்கார்ந்திருக்கிறது. திடீரென்று ஒரு கழியை மற்றதன் துளைக்குள் செருகி, நீளமாக்கி, பழத்தை இழுத்துக்கொள்கிறது. பூனை தட்டுத் தடுமாறிக் கற்றது, சிம்பன்ஸி பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டது என்று பாடம் முடிகிறது. தேர்வில் குறிப்பு வரைக என்று கேட்பார்கள்.

அந்தச் சிம்பன்ஸி எந்தக் காட்டைச் சேர்ந்தது, ஏன் ஒரு தீவில் இருந்தது, கழிகளைச் செருகிய கணத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யார் என்பதெல்லாம் பாடத்தில் இல்லை. விஞ்ஞானத்தைப் பாடமாக்கும்போது முதலில் கழித்துவிடப்படுவது அதன் சரித்திரம். அந்தக் கழிக்கப்பட்ட பகுதியைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். விலங்கியல் எனக்குத் தொழில் அல்ல. ஆனால் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு வழக்கு இருக்கிறது. கவிதை எங்கிருந்து வருகிறது என்று பேசும்போதெல்லாம் நாம் இந்தத் 'திடீரென்று' என்ற சொல்லையே சாட்சிக்கு அழைக்கிறோம். அந்தச் சாட்சியை ஒருமுறையாவது குறுக்கு விசாரணை செய்துவிட வேண்டும்.

2

கானரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில் மனிதக் குரங்குகளை ஆராய்வதற்கென்று பிரஷ்ய விஞ்ஞானக் கழகத்தின் ஆதரவில் ஒரு நிலையம் இருந்தது. விலங்குகள் அப்போது ஜெர்மனியின் காலனியாக இருந்த காமரூனிலிருந்து வந்தன. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான கப்பல் வழியில் தீவு இருந்தது; தட்பவெப்பமும் தோதானது. வோல்ஃப்காங் கோஹ்லர் 1913 டிசம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 26. சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. 1914 ஆகஸ்டில் யுத்தம் வந்தது. தீவு நடுநிலை வகித்த ஸ்பெயினுக்குச் சொந்தம். சுற்றியிருந்த கடல் பிரிட்டிஷ் கப்பல்களின் கையில். 1920 வரை அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. பழத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று கூண்டுக்குள் இருந்தவை யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், கூண்டுக்கு வெளியே இருந்தவரும் அடைபட்டுத்தான் இருந்தார்.

அதே யுத்தம் நம் கரைக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே அது அழிந்தது. கப்பல் போயிற்று, சொல் தங்கிவிட்டது. யாரும் எதிர்பாராத வழியில் வந்து காரியத்தை முடித்துவிட்டு நழுவுகிற ஆசாமியைத் தமிழில் 'எம்டன்' என்கிறோம். புத்திசாலித்தனத்துக்குத் தமிழ் அந்த யுத்தத்திடமிருந்து ஒரு பெயரைக் கடன் வாங்கிக்கொண்டது. ஐரோப்பிய உளவியல் அதே யுத்தத்தின் மறைவில் அதே பொருளுக்கு ஒரு விளக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது. இதில் காரண காரியத் தொடர்பு ஒன்றுமில்லை. காலம் ஒன்று என்பது மட்டுமே.

யுத்தம் முடிந்ததும் காமரூனின் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர் வசம் போனது. ஆக 1920-களில் அந்தக் காடுகளில் பெரும்பகுதியும், நாகூரைத் தாண்டியதும் காரைக்கால் எல்லையில் தொடங்கும் எங்கள் கீழவாஞ்சூரும் ஒரே கொடியின் கீழ் இருந்தன. நாங்கள் 1954 நவம்பர் 1-ல் அந்தக் கொடியிலிருந்து விடுபட்டோம். காமரூன் 1960-ல் விடுபட்டது. சுல்தானும் மற்றவையும் விடுபடவில்லை. நிலையம் 1920-ல் மூடப்பட்டபோது எஞ்சியிருந்தவற்றைப் பெர்லின் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார்கள்.

கோஹ்லரின் ஆய்வு அந்தக் கழகத்தின் வெளியீடாக 1917-ல் வந்தது. அதே 1917-ல் காஃப்கா, பிடிபட்டு மனிதனாகப் பழகிக்கொண்ட ஒரு குரங்கு விஞ்ஞானக் கழகத்தின் முன் நின்று அறிக்கை வாசிப்பதாக ஒரு கதை எழுதி வெளியிட்டார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் புதுமை இல்லை. கூட்ஸீ 1999-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவருடைய பாத்திரமான எலிசபெத் காஸ்டெல்லோ அதைச் செய்துவிட்டாள். பழத்தை உயரே கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் இந்த மனிதனுக்கு என்ன வந்தது என்று சுல்தான் யோசித்திருக்கக் கூடாதா என்பது அவள் எழுப்பிய கேள்வியின் சாரம். நல்ல கேள்வி. ஆனால் அது கோஹ்லரை ஒரு வெறும் கொடுமைக்காரராக்கிவிடுகிறது. அவர் அப்படியல்ல. 1933 ஏப்ரலில், யூதப் பேராசிரியர்களை நாஜிகள் பதவியிலிருந்து விரட்டியபோது, அதைக் கண்டித்துப் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதிய ஜெர்மன் பேராசிரியர் அவர். 1935-ல் நாட்டைவிட்டே போனார். மனசாட்சி உள்ள மனிதர் ஒருவரும் பசியை ஒரு கருவியாகப் பயன்படுத்த முடிந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

3

இனி அந்தக் கணத்துக்கு வருவோம்.

கோஹ்லரின் புத்தகத்தைப் படித்தால் பாடப்புத்தகத்தின் 'திடீரென்று' கரைந்துபோகிறது. சுல்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் தோற்றுக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியைக் கம்பியருகே இழுத்து வந்தது, பயனில்லை. ஒரு கழியை வெளியே வைத்து மற்றொரு கழியால் தள்ளித் தள்ளிப் பழத்தைத் தொட வைத்தது. பழம் வராது, ஆனால் கைக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு தொடர்பு உண்டாகிவிட்டது. இதைக் கோஹ்லர் ஒருவகை நல்ல தவறு என்றார். எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பொறுமை போன கோஹ்லர், விதியை மீறி, தம் விரலை ஒரு கழியின் துளைக்குள் விட்டுக் காட்டியும் பார்த்தார். சுல்தானுக்கு ஏறவில்லை. சோதனை தோல்வி என்று முடிவு செய்து, கழிகளைச் சுல்தானிடமே விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அங்கே மிச்சமிருந்தவர் காவலாளி. நடந்ததைப் பார்த்துச் சொன்னவர் அவர்தான். சுல்தான் அக்கறையில்லாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு கழிகளை எடுத்து விளையாடத் தொடங்கியது. விளையாட்டில் இரண்டும் ஒரு நேர்கோட்டில் வந்தன. மெலிந்ததைப் பருத்ததன் துளைக்குள் செருகியது. உடனே கம்பியை நோக்கி ஓடியது. காவலாளி கூப்பிட்டு, கோஹ்லர் வந்து பார்ப்பதற்குள் கண்டுபிடிப்பு முடிந்துவிட்டது. பின்னால் சுல்தான் ஒரு மரத்துண்டின் முனையைக் கடித்துச் சீவி, துளைக்குள் நுழையும் அளவுக்கு மெலிதாக்கவும் செய்தது.

உளவியலின் மிகப் பிரசித்தமான 'உட்காட்சி'யை உளவியல் அறிஞர் பார்க்கவில்லை. பார்த்தவர் புத்தகத்தில் வெறும் 'காவலாளி'. அந்த நிலையத்தில் விலங்குகளைப் பராமரித்த மானுவேல் என்ற தீவுக்காரரைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ரொனால்ட் லே என்ற அமெரிக்க உளவியலாளர் தேடிப் பிடித்தார். ஆனால் 1990-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் விஷயம் குரங்கு அல்ல, கோஹ்லர் ஜெர்மனிக்கு வேவு பார்த்தாரா என்ற சந்தேகம். அது நிரூபணமாகவில்லை. பராமரித்த கைகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது இரண்டாம் முறையும் இரண்டாம்பட்சமாயிற்று.

விளையாட்டு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1945-ல் ஹெர்பர்ட் பிர்ச் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். கழிகளையே கையாண்டு பழகாத இளம் சிம்பன்ஸிகள். கழியால் இழுத்தால் பழம் வரும் என்ற எளிய வேலையிலேயே பெரும்பாலானவை தோற்றன. பிறகு மூன்று நாட்கள் அவற்றுக்குக் கழிகளை விளையாடக் கொடுத்தார்கள். பாடம் எதுவும் இல்லை, பழமும் இல்லை. குத்தின, நெம்பின, தோண்டின, ஒன்றையொன்று சீண்டின. மூன்று நாள் கழித்து அதே வேலையை எல்லாமே சட்டென்று முடித்தன. 'திடீரென்று' என்பதற்குப் பின்னால் மூன்று நாள் வீண்விளையாட்டு இருந்தது. யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

குறுந்தொகையில் கபிலர் பாடியதாக உள்ள 38-ஆம் பாட்டில், பாறைமேல் மயில் இட்ட முட்டையை வெயில் காயும் ஒரு முசுக்குட்டி உருட்டி விளையாடுகிறது. உரைகள் இதில் இறைச்சிப் பொருள் தேடுகின்றன, தேடட்டும். ஆனால் உவமைக்கு முன்னால் அங்கே ஒரு பார்வை இருக்கிறது. பயனற்ற பொருளொன்றைக் கையில் வைத்து, அது என்ன செய்யும் என்று பார்க்கிற குட்டியைக் கவி பார்த்திருக்கிறார். பிர்ச் மூன்று நாள் செலவழித்து அறிந்துகொண்டதன் முதல் பாதி அது.

எங்கள் பக்கத்தில் முருங்கைக்காய் எட்டாவிட்டால் அலக்கின் முனையில் இன்னொரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டுவார்கள். எந்தச் சிறுவனும் இதைத் தனக்கு வந்த ஞானோதயம் என்று சொல்லிக்கொள்வதில்லை. கழி, கயிறு, முடிச்சு மூன்றும் அவன் கையில் வெகுநாளாகப் புழங்கியவை. தரிசனத்தைப் பற்றி இத்தனை பேசும் நம் கவிகள் சொற்களோடு எவ்வளவு நாள் வீணாக விளையாடினார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எட்டாத பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் கவிதை ஆகாது. தார்ண்டைக்கா, கோஹ்லரா என்ற பழைய சண்டையில், அதாவது உழைப்பா உள்ளொளியா என்ற நம்முடைய சண்டையில், இரண்டு தரப்பும் மூன்றாவதைத் தவறவிட்டன என்று தோன்றுகிறது.

4

தமிழில் குரங்கும் கருவியும் சேர்ந்தால் அது எப்போதும் ஏளனம். ஆப்பசைத்த குரங்கு, குரங்கு கையில் பூமாலை. பஞ்சதந்திரத்தின் தச்சர்கள் பாதி பிளந்த மரத்தில் ஆப்பு வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். குரங்கு ஆப்பைப் பிடுங்கிச் சாகிறது. தனக்கு ஆகாத வேலையில் கை வைக்காதே என்பது நீதி. யாருக்கு எது ஆகாது என்று தீர்மானிக்கிறவர் கதை சொல்கிறவர்.

நம் இலக்கணம் இன்னும் கறாரானது. உயர்திணை, அஃறிணை என்ற எல்லைச் சாவடியை ஒவ்வொரு வினைமுற்றிலும் வைத்திருக்கிறது. சுல்தான் செருகினானா, செருகியதா என்று முடிவு செய்யாமல் தமிழில் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. நான் 'அது' என்றே எழுதுகிறேன். நம் வீடுகளில் குழந்தையையும் 'அது' என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லில் இழிவு கட்டாயமில்லை.

ஆனால் சாவடி வைத்த இலக்கணமே ஒரு திட்டிவாசலையும் திறந்து வைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. மனம் என்ற ஆறாவது அறிவு மக்களுக்கு உரியது என்று சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் இதோடு நிறுத்திவிடுகிறோம். மரபியல் நிறுத்தவில்லை. அந்தக் கிளையில் பிறந்த வேறு சிலவும் உண்டு என்று மேலே போகிறது. விலங்குகளில் ஒருசார் இதில் சேரும் என்று கொண்டு, கிளி, குரங்கு, யானை முதலியவற்றைப் பழைய உரை பெயர் சொல்லிக் குறிக்கிறது. எந்தக் கூண்டும் பழமும் இல்லாமல், பார்த்துப் பழகியதன் பேரில் மட்டும் எட்டிய முடிவு இது. இதை வைத்துக்கொண்டு எல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது என்று மேடையேறுவது அபத்தம். உரைகாரர் சோதனை செய்யவில்லை. செய்திருந்தால் வாக்கியம் இன்னும் நீண்டிருக்கும். ஆனால் ஐரோப்பாவைப் போல எல்லையைக் காப்பாற்றும் பதற்றம் அவருக்கு இல்லை என்பது உண்மை.

அந்தப் பதற்றத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மனிதன் கருவி செய்யும் விலங்கு என்பது நெடுங்காலம் வரையறையாக இருந்தது. 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை எடுத்தபோது, கருவி கிடைத்துவிட்டது, ஆகவே இங்கே ஆதிமனிதன் இருந்தான் என்று எல்லோரும் முடிவு கட்ட முடிந்தது இந்த வரையறையால்தான். 1960-ல் ஜேன் கூடால் தான்சானியாவின் கோம்பேயில் ஒரு சிம்பன்ஸி புல்தண்டைக் கறையான் புற்றில் விட்டு, ஒட்டிக்கொண்டு வந்தவற்றைத் தின்பதைப் பார்த்தார். இலை உருவிய குச்சியை அதற்காகத் தயார் செய்வதையும் பார்த்தார். புற்றில் ஈசல் பிடித்துப் பழகிய நம் கிராமத்தார் இதில் அதிசயம் எதையும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவரை அனுப்பிய லூயி லீக்கி, இனி கருவிக்கு வேறு பொருள் சொல்ல வேண்டும், அல்லது மனிதனுக்கு வேறு பொருள் சொல்ல வேண்டும், இல்லையேல் சிம்பன்ஸியை மனிதனாக ஏற்க வேண்டும் என்று எழுதினார்.

எல்லையில் பிறந்தவனுக்கு இந்த விளையாட்டு புரியும். கீழவாஞ்சூரின் மணலும் நாகூரின் மணலும் ஒன்றுதான். சாவடிக்கு இந்தப் பக்கம் சாராயத்துக்கு ஒரு விலை, அந்தப் பக்கம் இன்னொரு விலை, கொண்டுபோனால் குற்றம். சரக்கு மாறவில்லை, சட்டம்தான் மாறுகிறது. விலங்கு ஒவ்வொரு முறை சாவடியைக் கடக்கும்போதும் சாவடியைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். கருவியைப் பயன்படுத்துவது என்றார்கள்; பிறகு கருவி செய்வது; பிறகு கல்லில் செய்வது; பிறகு அதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பிப்பது. ஐவரிகோஸ்ட்டின் தாய் காடுகளில் சிம்பன்ஸிகள் கல்லைச் சுத்தியலாக்கி, வேரையும் பாறையையும் பட்டறையாக்கிக் கொட்டை உடைக்கின்றன. குட்டிகள் தாயருகே இருந்து இதைக் கற்கப் பல வருஷங்கள் ஆகின்றன. 2007-ல் வெளியான அகழ்வு அந்தக் காட்டிலேயே இத்தகைய கற்களுக்கு 4300 வருஷப் பழமை சொல்கிறது. சிந்துவெளி நகரங்கள் உச்சத்தில் இருந்த காலம் அது.

நம் பெருமைக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பல்லாவரத்துக்குப் பிறகு ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கண்டெடுத்த அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளுக்குச் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் சுமார் 15 லட்சம் வருஷம் என்று காலம் கணித்தார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் வயதோ ஏறக்குறைய 3 லட்சம் வருஷம்தான். தமிழ்நாட்டின் மிகப் பழைய கைவினை நாம் செய்ததல்ல. மூத்தகுடி என்று மேடையில் முழங்குகிறவர்கள் எந்தத் திணையைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது.

5

சிம்பன்ஸி நம் காட்டு விலங்கல்ல. ஆனால் இந்தச் சரித்திரத்தின் ஒரு கிளை நம் கடலில் ஓடுகிறது.

1887-ல் ஆல்ஃப்ரெட் கார்பென்டர் என்ற கடற்படை அதிகாரி, பர்மாவின் மெர்குய் தீவுகளில் குரங்குகள் கல்லால் சிப்பியை உடைத்துத் தின்பதைப் பார்த்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். கூடாலுக்கு 73 வருஷம் முன்பு. குறிப்பு கிடந்தது. தாய்லாந்தின் அந்தமான் கடற்கரையில் அதே நீள்வால் குரங்குகள் கற்களால் சிப்பியும் நத்தையும் உடைப்பதை மறுபடி கண்டு முறையாக எழுதியது 2007-ல். 120 வருஷம் இடைவெளி. மனிதக் குரங்காக இருந்தால் கவனிப்பார்கள்; சாதாரணக் குரங்கு என்றால் கவனிக்க மாட்டார்கள். 2023-ல் இன்னொரு சங்கடம் வந்தது. இந்தக் குரங்குகள் கொட்டை உடைக்கும்போது தெறித்து விழும் கற்சில்லுகள், ஆதிமனிதன் வேண்டுமென்றே செதுக்கியவை என்று நாம் கொண்டாடும் சில்லுகளைப் போலவே இருக்கின்றன. ஃபுட்டுக்கு இருந்த நிச்சயம் இனி யாருக்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

இந்தியாவுக்குள் கிடைத்தவை சில்லறைத் தகவல்களாக இருந்தன. 1988-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு கம்பளிப்பூச்சியின் மயிரை இலை வைத்துத் தேய்த்துப் போக்குவதாக ஹோஹ்மன் எழுதினார். 1997-ல் ஒரு நாட்டுக்குரங்கு தனக்கு வேண்டிய குச்சியைத் தானே திருத்திக்கொண்டதை அனிந்திய சின்ஹா எழுதினார். 2018-ல் கோயம்புத்தூர் சலீம் அலி பறவையியல் மையத்தின் குமாரா, மைசூரின் மேவா சிங் ஆகியோர் அடங்கிய குழு பெரிய நிகோபாரின் நீள்வால் குரங்குகளைப் பற்றி வெளியிட்டது விரிவானது. உணவை இலையில் பொதிந்து தேய்க்கின்றன. கெட்டியானதைக் கடினமான பரப்பில் மோதி உடைக்கின்றன. தேங்காய் நார், பறவை இறகு, நைலான் நூல் என்று அகப்பட்டதைக் கொண்டு பல்லிடுக்கைச் சுத்தம் செய்கின்றன. யாரும் பழத்தை உயரே கட்டவில்லை. பல்லில் நார் சிக்கியது, அதுதான் பிரச்சினை. பிரச்சினை அவற்றுடையது, விடையும் அவற்றுடையது.

அந்தத் தீவு நமக்கு அந்நியமல்ல. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று அதன் பெயர் இருக்கிறது. கடாரம் போன படை 1025-வாக்கில் அந்த வழியாகப் போயிற்று. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவில் எழுந்த அலை முதலில் நிகோபாரை மூழ்கடித்து, பிறகு எங்கள் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேல் இறந்தார்கள். காரைக்கால் கரையிலும் குப்பங்கள் அழிந்தன. நிகோபாரில் நிலமே தாழ்ந்தது. குரங்குகள் உண்டு வாழ்ந்த கரையோரத் தென்னையும் தாழையும் போயின. அவற்றின் கூட்டங்கள் மெல்ல மீள்வதை 2016-ல் வெளியான கணக்கெடுப்பு பதிவு செய்தது. அங்கும் இங்கும் மீண்டவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டுதான் மீண்டார்கள். அலை ஒதுக்கிய நைலான் நூலுக்கு இரண்டு கரையிலும் உபயோகம் இருந்தது.

இப்போது வேறு காரியம் நடக்கிறது. பெரிய நிகோபாரின் கலத்தியா விரிகுடாவில் சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரம் ஆகியவற்றுக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குப் போகிறது. நாங்கள் துறைமுகத்தின் பக்கத்தில் குடியிருப்பவர்கள். வாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் இயங்குகிறது. நிலக்கரி வந்து இறங்கும் கரையில் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஞ்சாதவற்றின் பட்டியலில் முதலில் வருவது பழக்கம். எந்த மரத்தடியில், யாரைப் பார்த்து, எந்த வயதில் கற்றார்கள் என்பது. மரத்தை வேறிடத்தில் நடலாம், குரங்கைக் கூண்டில் கொண்டுபோய் விடலாம். பழக்கத்தைப் பெயர்த்து நட ஒரு கருவியும் கிடையாது.

சுல்தானைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிடித்து அடைத்த பிறகு அது செய்தவை. காமரூன் காட்டில் அதன் தாய் எதை எதால் உடைத்தாள் என்று எவரும் கேட்டு வைக்கவில்லை. அதை விட்டு வந்ததால்தான் அந்த ஒரு மணி நேரம் தோற்க வேண்டி வந்ததா என்று இனி கேட்டுப் பயனில்லை. நிகோபார்க் குரங்குகளைப் பொறுத்தவரை கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. மரபியல் உரைகாரர் குரங்கின் பெயரை எழுதிவிட்டு, விவரங்களை எழுதாமல் விட்டுப் போனார். எழுதுகிறவர்களுக்கு அவர் விட்டுப்போன வேலை அது.